தினசரி டேப்பில் விலைக் கோப்பே இல்லை. பேக்கப் மட்டும் ஒவ்வொரு நாளும் வெற்றி என்கிறது

இரவுப்பணி

வணக்கம். ஆறு மாதங்களுக்கு முன் ஓர் ஐபிஎம் ஐ (ஐபிஎம் நிறுவனத்தின் வணிக இயங்குதளம்) சர்வரின் நிர்வாகப் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு முன்னிருந்தவர் அமைத்துவிட்டுப் போன பேக்கப் முறையை மாற்றாமல் தொடர்ந்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு ரெஸ்ட்ரிக்டட் ஸ்டேட்டுக்கு (மற்ற வேலைகள் எல்லாம் நிறுத்தப்பட்ட நிலை) கொண்டுபோய், சேவ் மெனுவில் 21-ஆம் தெரிவின் வழியாக முழு சிஸ்டத்தையும் டேப்பில் எடுக்கிறோம். திங்கள் முதல் சனி வரை இரவு 11 மணிக்கு ஒரு சிஎல் நிரல் (சிஸ்டம் கட்டளைகளால் எழுதிய நிரல்) ஓடி, மாறிய ஆப்ஜெக்டுகளை (கோப்பு, நிரல் போன்றவை) மட்டும் எடுக்கும் சேவ்-சேஞ்ச்டு-ஆப்ஜெக்ட் கட்டளையால் எல்லாப் பயனர் லைப்ரரிகளையும் (ஆப்ஜெக்டுகளை வைக்கும் தொகுதிகள்) அன்றைய கேட்ரிட்ஜில் எழுதுகிறது. டேப் டிரைவ் எல்டிஓ-7 (எல்டிஓ டேப் வகையின் ஏழாம் தலைமுறை). ஒவ்வொரு காலையிலும் வேலை இயல்பாக முடிந்தது என்ற செய்தி வந்துவிடும்; நானும் பதிவேட்டில் குறித்துவிட்டுக் கேட்ரிட்ஜை மாற்றுவேன்.

கடந்த வியாழக்கிழமை பிற்பகலில் ஒரு தொகுப்பு நிரலைத் தவறான சதவீதத்துடன் ஓட்டிவிட்டார்கள். விலைப்பட்டியல் கோப்பிலுள்ள பதிவுகள் எல்லாம் மாறிவிட்டன. "புதன்கிழமை இரவு இருந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள்" என்றார்கள். டேப் கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் நானும் ஒரு மணி நேரத்தில் தருவதாகச் சொல்லிவிட்டேன். சோதனைப் பார்ட்டிஷனில் (சோதனைக்கென ஒதுக்கிய தனி சிஸ்டம் பகுதி) புதன்கிழமை கேட்ரிட்ஜைப் போட்டு ரீஸ்டோர் செய்தபோது, அந்தக் கோப்பு டேப்பில் இல்லை என்றது. டிஸ்ப்ளே டேப் கட்டளையில் சேமிப்பு விவரத்தைக் கேட்டுப் பார்த்தேன். அந்த லைப்ரரி இருக்கிறது, அதில் 61 ஆப்ஜெக்டுகள் இருக்கின்றன, ஆனால் விலைப்பட்டியல், ஆர்டர் தலைப்பு, ஆர்டர் விவரம் ஆகிய மூன்று கோப்புகள் மட்டும் இல்லை. திங்கள், செவ்வாய் டேப்புகளிலும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை முழு சேமிப்பில் மட்டும் மூன்றும் இருக்கின்றன. இறுதியில் ஞாயிறு பிரதியை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிந்தைய விலை மாற்றங்களை அச்சிட்ட பட்டியல்களிலிருந்து கையால் ஏற்றினோம். அதற்கு இரண்டு நாள் ஆனது.

எனக்குப் புரியாதது இதுதான். அந்த மூன்று கோப்புகளும் தினமும் மாறுகின்றன. அப்படியிருக்க, மாறியவற்றை எடுக்கும் கட்டளை அவற்றை ஏன் விட்டது? பிழைச் செய்தி ஒன்றுகூட ஏன் இல்லை? நான் பொறுப்பேற்ற முதல் மாதத்தில் இதே கோப்பைச் சோதனைக்காக ரீஸ்டோர் செய்திருக்கிறேன். அப்போது சரியாகவே வந்தது. அதற்குப் பிறகு நடந்த ஒரே பெரிய மாற்றம், மூன்று மாதங்களுக்கு முன் வந்த இணையவழி ஆர்டர் பயன்பாடுதான். அதற்குக் கமிட்மென்ட் கன்ட்ரோல் (ஒரு பரிவர்த்தனையின் மாற்றங்களை ஒன்றாக ஏற்கும் அல்லது ஒன்றாகக் கைவிடும் முறை) வேண்டும் என்று சொல்லி இந்த மூன்று கோப்புகளுக்கும் ஜர்னலிங் (ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகப் பதிவு செய்வது) தொடங்கினார்கள். பேக்கப் நிரலை யாரும் தொடவில்லை.

கேட்ரிட்ஜ் சுழற்சி குறித்தும் ஆலோசனை தேவை. தற்போது தினசரிக்கு ஆறு கேட்ரிட்ஜுகளும் முழு சேமிப்புக்கு இரண்டும் சுழல்கின்றன, அவ்வளவுதான்.

பச்சைத்திரை

காரணத்தை உங்கள் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். ஜர்னலிங்தான்.

சேவ்-சேஞ்ச்டு-ஆப்ஜெக்ட் கட்டளையில் எஃப்4 விசையை அழுத்திக் கூடுதல் பாராமீட்டர்களைப் பாருங்கள். ஜர்னல் செய்யப்படும் ஆப்ஜெக்டுகளையும் சேமிக்கவா என்று கேட்கும் பாராமீட்டர் ஒன்று உண்டு, அதன் இயல்பு மதிப்பு 'நோ'. உங்கள் நிரலில் அந்தப் பாராமீட்டர் எழுதப்பட்டிருக்காது. ஆகவே இயல்பு மதிப்பே செல்லுபடியாகிறது. ஜர்னல் செய்யப்படும் கோப்பின் மாற்றங்கள் அனைத்தும் ஜர்னல் ரிசீவரில் (ஜர்னலின் பதிவுகளைத் தாங்கும் ஆப்ஜெக்ட்) பதிவாகின்றன என்பதால், ரிசீவரைச் சேமித்தால் போதும் என்பது அந்த இயல்பு மதிப்புக்குப் பின்னுள்ள எண்ணம். ஒரு கோடிப் பதிவுகள் உள்ள கோப்பில் ஒரே ஒரு பதிவு மாறினாலும் இந்தக் கட்டளை அந்த மெம்பரை (பதிவுகள் இருக்கும் கோப்புப் பகுதி) முழுதாக எழுதும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த எண்ணத்தில் தவறு இல்லை. வேண்டுமென்றே தேர்விலிருந்து விலக்கப்பட்ட ஆப்ஜெக்ட் 'சேமிக்கப்படாதவை' என்ற கணக்கில் வராது. அதனால்தான் பிழைச் செய்தியும் இல்லை.

இதில் மற்றொரு நுணுக்கமும் உண்டு. ஒப்பீட்டுத் தேதிக்குப் பிறகு ஜர்னலிங் தொடங்கியிருந்தால், 'நோ' என்றிருந்தாலும் அந்தக் கோப்பு சேமிக்கப்படும். ஆகவே ஜர்னலிங் தொடங்கிய அந்த வாரத்தில் நீங்கள் சோதித்திருந்தாலும் கோப்பு டேப்பில் இருந்திருக்கும், சோதனையும் வெற்றி பெற்றிருக்கும். அடுத்த ஞாயிறு முழு சேமிப்பு முடிந்த பிறகுதான் அது தினசரி டேப்பிலிருந்து மறைந்தது.

உங்கள் தரவு இப்போதும் டேப்பில் இருக்கக்கூடும். டேப்பிலுள்ள அந்த 61 ஆப்ஜெக்டுகளில், அல்லது ஜர்னலுக்கென்று தனி லைப்ரரி வைத்திருந்தால் அதில், ஜர்னல் ரிசீவர் வகையில் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஞாயிறு டேப்பிலிருந்து கோப்பை ரீஸ்டோர் செய்து, ரிசீவர்களையும் ரீஸ்டோர் செய்து, அப்ளை ஜர்னல் சேஞ்சஸ் கட்டளையைக் கடைசிச் சேமிப்பிலிருந்து தொடங்குமாறு சொல்லிப் புதன் இரவு வரை ஓட்டலாம். சோதனைப் பார்ட்டிஷனில் செய்யும்போது வரிசை முக்கியம்: முதலில் ஜர்னல், அடுத்து கோப்பு, பிறகு ரிசீவர்கள். ஜர்னல் இல்லாத இடத்தில் கோப்பை முதலில் இறக்கினால் அதற்கு ஜர்னலிங் தானாகத் தொடங்காது, அப்ளை கட்டளையும் மறுத்துவிடும்.

ஜர்னலின் பண்புகளில் 'டிலீட் ரிசீவர்' என்ன மதிப்பில் இருக்கிறது, கோப்புகளுக்கு 'ஆஃப்டர்' படிமம் (மாற்றத்துக்குப் பிந்தைய பதிவு) மட்டுமா, 'போத்' என்று முந்தையது, பிந்தையது இரண்டுமா என்பவற்றையும் பார்த்து எழுதுங்கள். இரண்டும் பதிவாகியிருந்தால் டேப்பையே தொடாமல், ரிமூவ் ஜர்னல் சேஞ்சஸ் கட்டளையால் வியாழக்கிழமைத் தவற்றைப் பின்னோக்கி அழித்திருக்க முடியும்.

பழைய ஆபரேட்டர்

பச்சைத்திரை சொன்னது சரி. ஆனால் இணைய ஆர்டர்கள் வரும் ஒரு நிறுவனத்தில், இரவு 11 மணிக்கு ஓடும் பேக்கப்பில் மூன்று மாதங்களாக ஒரு லாக் தகராறுகூட (வேறொரு ஜாப் ஆப்ஜெக்டைப் பிடித்து வைத்திருப்பதால் வரும் மோதல்) வரவில்லை என்பதை நான் நம்பமாட்டேன். உங்கள் சிஎல் நிரலின் தலைப்பகுதியைத் திறந்து பாருங்கள். அறிவிப்புகளுக்கு அடுத்த வரியில் 'மானிட்டர் மெசேஜ் சிபிஎஃப்0000' என்று, எக்சிக்யூட் பகுதி (பிழை வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் பகுதி) எதுவுமின்றி இருந்தால், அந்த நிரலில் எந்தப் பிழை வந்தாலும் சத்தமில்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும் என்று பொருள். சிபிஎஃப்0000 என்பது சிபிஎஃப் என்று தொடங்கும் எல்லாச் செய்திகளையும் அள்ளிக்கொள்ளும். நிரல் நள்ளிரவில் நின்று பதில் கேட்டுக் காத்திருக்கக்கூடாது என்பதற்காக ஆபரேட்டர்கள் சேர்க்கும் வரி அது. நானும் சேர்த்திருக்கிறேன், அதன் விலையையும் கொடுத்திருக்கிறேன்.

ஜாப் லாக்கில் சிபிஎஃப்3771 என்ற செய்தியைத் தேடுங்கள். எத்தனை ஆப்ஜெக்டுகள் சேமிக்கப்பட்டன, எத்தனை சேமிக்கப்படவில்லை என்று அது லைப்ரரி பெயரோடு சொல்லும். ஜாப் லாக் உருவாகாத அளவுக்கு ஜாப் டிஸ்கிரிப்ஷனில் லாகிங் நிலையைக் குறைத்து வைத்திருந்தால் முதலில் அதை 4, 00, செக்லெவல் என்று மாற்றுங்கள்.

இன்னொரு பொறி 'மாறியவை' என்பதன் ஒப்பீட்டுத் தேதியில் இருக்கிறது. இயல்பாக அது, அந்த லைப்ரரி கடைசியாக முழுதாகச் சேவ்லிப் (முழு லைப்ரரியையும் சேமிக்கும் கட்டளை) செய்யப்பட்ட நேரம். உங்கள் நிரலாளர் ஒருவர் செவ்வாய்க்கிழமை பகலில், ஏதோ ஒரு சோதனைக்காக அந்த லைப்ரரியை ஒரு சேவ் ஃபைலில் (டேப்புக்குப் பதிலாக வட்டிலேயே இருக்கும் சேமிப்புக் கோப்பு) சேவ்லிப் செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு வரலாற்றைப் புதுப்பிக்கும் பாராமீட்டரை அவர் தொடாமல் விட்டிருந்தால், அன்றிரவிலிருந்து உங்கள் தினசரி டேப் 'செவ்வாய் பகலுக்குப் பின் மாறியவற்றை' மட்டுமே எடுக்கும். திங்கள் டேப் அடுத்த வாரம் மேலெழுதப்பட்டு, நிரலாளரின் சேவ் ஃபைலும் அழிக்கப்பட்டால், இடையிலிருந்த மாற்றங்கள் எங்கும் இல்லை. தனிப்பட்ட தேவைக்கு எடுக்கும் சேமிப்புகளில் அப்டேட் ஹிஸ்டரியை 'நோ' என்று கொடுக்க வேண்டும் என்பதை எழுத்து மூலமாகவே தெரிவித்துவிடுங்கள். இதை நம்பாமல், ஒப்பீட்டுத் தேதியாக ஞாயிறு சேமிப்பின் தேதியையும் நேரத்தையும் ஒரு டேட்டா ஏரியாவில் (சிறு மதிப்பை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) வைத்து நிரலில் நேரடியாகக் கொடுப்பது என் வழக்கம்.

கேட்ரிட்ஜ் பற்றிக் கேட்டீர்கள். எட்டுக் கேட்ரிட்ஜ் போதாது. முழு சேமிப்புக்கு இரண்டு மட்டும் என்றால், இந்த ஞாயிறு சேமிப்பு பாதியில் தோற்றால் உங்களிடம் மிஞ்சுவது ஒரே ஒரு பழைய பிரதி. வாரச் சேமிப்புக்குக் குறைந்தது ஐந்து, தினசரிக்கு இரண்டு வாரத்துக்குப் பன்னிரண்டு, மாத இறுதிக்கு ஆண்டு முழுதும் கலையாமல் இருக்கும் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறு நடந்த மறுநாளே தெரிந்துவிடும் என்று ஒருபோதும் எண்ணாதீர்கள். கெட்டுப்போன ஒரு கோப்பைப் பத்து நாட்களுக்குப் பிறகு கண்டுபிடித்தபோது, தினசரி டேப்புகள் அனைத்திலும் கெட்ட பிரதியே நிறைந்திருந்ததை ஒரு முறை பார்த்தேன். முழு சேமிப்பின் கேட்ரிட்ஜ் ஒன்றாவது சர்வர் இருக்கும் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

சுத்தம் செய்யும் கேட்ரிட்ஜை டிரைவ் கேட்கும்போது மட்டும் போடுங்கள். அது சுமார் 50 முறைக்குத்தான் உழைக்கும். தேய்ந்ததைத் திரும்பத் திரும்பப் போடுவதால் பயனில்லை. புதிய கேட்ரிட்ஜுக்கு வால்யூம் பெயர் கொடுக்கும்போது வெளியில் ஒட்டும் பார்கோடு லேபிளின் முதல் ஆறு எழுத்துகளையே கொடுங்கள். லேபிள் ஒன்று, உள்ளே பெயர் வேறொன்று என்றிருந்தால் அவசரத்தில் தவறான கேட்ரிட்ஜைத்தான் கை எடுக்கும். காலாவதித் தேதி போடாமல் எழுதுவதும், இனிஷியலைஸ் செய்யும்போது செயலிலுள்ள கோப்புகளைச் சரிபார்க்க வேண்டாம் என்று சொல்வதும் சேர்ந்தால், வெள்ளிக்கிழமை டேப்பின் மேல் சனிக்கிழமை எழுதுவதைத் தடுக்க இயந்திரத்துக்கு வழியே இல்லை.

ஆண்டுக்கணக்கில் வைக்கும் டேப்புகளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. எல்டிஓ-7 டிரைவ் 5, 6, 7 ஆகிய மூன்று தலைமுறைகளையும் படிக்கும். எல்டிஓ-8 டிரைவோ 7, 8 இரண்டை மட்டுமே படிக்கும். 2.5 டெராபைட் கொள்ளளவுள்ள பழைய எல்டிஓ-6 கேட்ரிட்ஜில் ஆண்டிறுதிக் கணக்குகளை வைத்திருப்பவர், டிரைவை மாற்றும் நாளுக்கு முன்பே அவற்றைப் புதிய கேட்ரிட்ஜில் பிரதியெடுத்துவிட வேண்டும்.

இரவுப்பணி

இருவருக்கும் நன்றி. நேற்று முழுவதும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிஎல் நிரலில் பழைய ஆபரேட்டர் ஐயா சொன்ன வரி, சொன்ன இடத்திலேயே இருக்கிறது. ஜர்னல் பாராமீட்டர் எழுதப்படவில்லை. படிமம் 'ஆஃப்டர்' மட்டும். ஆகவே பின்னோக்கி அழிக்கும் வழி இல்லை. தவறு செய்த தொகுப்பு நிரல் கமிட்மென்ட் கன்ட்ரோலுக்குள் ஓடவும் இல்லை. 'டிலீட் ரிசீவர்' என்பது 'யெஸ்'.

சோதனைப் பார்ட்டிஷனில் பச்சைத்திரை சொன்ன வரிசையில் ஜர்னல், கோப்பு, ரிசீவர்கள் என்று இறக்கினேன். திங்கள் இரவு டேப்பில் 0041 என்று முடியும் ரிசீவர் இருந்தது. அதன் நிலை 'பார்ஷியல்' என்று காட்டியது. செவ்வாய் இரவு டேப்பில் 0041 இல்லை, 0042 மட்டும் இருக்கிறது. புதன் டேப்பிலும் 0042தான். அப்ளை கட்டளை திங்கள் இரவு வரை சரியாக ஓடியது. அங்கே தொடர் அறுந்துவிட்டது. 0041 செவ்வாய் பிற்பகல் 3 மணி வாக்கில் தன் வரம்பை எட்டியிருக்கிறது, சிஸ்டம் 0042-ஐ இணைத்திருக்கிறது, 0041-ஐ அழித்துவிட்டது. அதனால் திங்கள் இரவு 11 மணி முதல் செவ்வாய் பிற்பகல் 3 மணி வரை நடந்த மாற்றங்கள் எந்த டேப்பிலும் இல்லை. அந்த நேரத்தில்தான் விலைப் பிரிவினர் நாற்பதுக்கும் மேற்பட்ட விலைகளை மாற்றியிருக்கிறார்கள்.

இனி என்ன செய்வது சரி? ஜர்னல் பாராமீட்டரை 'யெஸ்' என்று மாற்றிவிட்டால் போதுமா?

பச்சைத்திரை

நீங்கள் கண்டது துல்லியமாக அப்படித்தான் நடக்கும். 'டிலீட் ரிசீவர் யெஸ்' என்றால், விடுவிக்கப்பட்ட ரிசீவர் சிஸ்டத்தின் சொந்த மீட்புக்குத் தேவையில்லை என்றானதும் அழிக்கப்படும். அது டேப்பில் சேமிக்கப்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை. ஜர்னலைக் கமிட்மென்ட் கன்ட்ரோலுக்காக மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு அந்த மதிப்பு வசதியானது. ஆனால் தினசரி டேப் முழுவதும் ரிசீவரையே நம்பியிருக்கும்போது, இந்த இரண்டு அமைப்புகளும் ஒன்றின் காலை ஒன்று வாருகின்றன.

என் விருப்பம் ரிசீவர் வழி. 'டிலீட் ரிசீவரை' 'நோ' என்று மாற்றுங்கள். இரவு பேக்கப் தொடங்கும் முன் சேஞ்ச் ஜர்னல் கட்டளையால் புதிய ரிசீவரை உருவாக்கி இணையுங்கள். அப்படிச் செய்தால் அன்று வரையிலான ரிசீவர் விடுவிக்கப்பட்டு, 'பார்ஷியல்' என்றில்லாமல் முழுமையாகச் சேமிக்கப்படும். சேமித்து முடிந்தவற்றை, ஒரு வாரம் வட்டில் வைத்திருந்து, நிரல் மூலம் அழியுங்கள். முழுமையாகச் சேமிக்கப்படாத ரிசீவரை அழிக்க முயன்றால் சிபிஏ7025 என்ற கேள்வி ஐ (பொருட்படுத்தாமல் தொடர்) அல்லது சி (கைவிடு) என்று பதில் கேட்கும். தயவுசெய்து அதற்குத் தானியங்கிப் பதில் பட்டியலில் 'ஐ' என்று எழுதி வைக்காதீர்கள். அந்தக் கேள்விதான் உங்களுக்கிருக்கும் கடைசித் தடுப்பு.

இந்த வழியில் பகல் நேர மீட்பும் கிடைக்கிறது. வியாழக்கிழமை தவறு பிற்பகல் 2 மணிக்கு நடந்தால், 1 மணி 59 நிமிடம் வரை அப்ளை செய்யலாம். முந்திய இரவுப் பிரதியால் அதைத் தர முடியாது.

பழைய ஆபரேட்டர்

இதில் நான் வேறுபடுகிறேன். ரிசீவர் வழி சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆறு மாத அனுபவமுள்ள ஒருவர், மேலதிகாரி பின்னால் நின்றுகொண்டிருக்கும்போது, ஏழு ரிசீவர்களை வரிசையாக இறக்கி அப்ளை செய்வதைவிட, முந்திய இரவின் கோப்பை ஒரே கட்டளையில் ரீஸ்டோர் செய்வது பாதுகாப்பானது. எல்டிஓ-7 கேட்ரிட்ஜ் சுருக்கம் இல்லாமலே 6 டெராபைட் கொள்ளும். மூன்று கோப்புகளைத் தினமும் முழுதாக எழுதுவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பாராமீட்டரை 'யெஸ்' என்று மாற்றுங்கள், ரிசீவர்களையும் பச்சைத்திரை சொன்னபடி பராமரியுங்கள். இரண்டும் இருக்கட்டும். கூடவே அந்த மானிட்டர் மெசேஜ் வரியை நீக்கிவிட்டு, ஒவ்வொரு சேமிப்புக் கட்டளைக்கும் அடியில் தனித்தனியாகப் பிழையைப் பிடித்து, உங்களுக்குச் செய்தி அனுப்புமாறு எழுதுங்கள்.

இரவுப்பணி

மூன்று நாட்கள் கழித்து எழுதுகிறேன். பாராமீட்டரை 'யெஸ்' என்று மாற்றினேன், மானிட்டர் மெசேஜ் வரியையும் நீக்கினேன். முதல் இரவே கிடைத்தது தோல்விச் செய்தி: அந்த லைப்ரரியில் 63 சேமிக்கப்பட்டன, 3 சேமிக்கப்படவில்லை. விடுபட்ட மூன்றும் அதே மூன்று கோப்புகள். காரணம், அவை பயன்பாட்டில் இருக்கின்றன என்பதுதான். இணைய ஆர்டர் ஜாப்கள் இரவு முழுவதும் அவற்றைத் திறந்தே வைத்திருக்கின்றன. பழைய வரி அங்கேயே இருந்திருந்தால், பிரச்சினை தீர்ந்தது என்று உங்களுக்கு நன்றி எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

இரவில் அந்த ஜாப்கள் ஓடும் சப்சிஸ்டத்தை நிறுத்த நிர்வாகம் அனுமதிக்கவில்லை.

இரண்டாம்பிரதி

நிறுத்தத் தேவையில்லை. இதற்காகத்தான் சேவ்-வைல்-ஆக்டிவ் (பயன்பாட்டில் இருக்கும்போதே சேமிக்கும் வசதி) இருக்கிறது. அந்தக் கட்டளையிலேயே சேவ் ஆக்டிவ் பாராமீட்டரை 'சிங்க்லிப்' என்று கொடுத்தால், நீங்கள் சொன்ன லைப்ரரிகள் அனைத்தும் ஒரே செக்பாயின்ட்டில் (எந்தக் கண நிலை சேமிக்கப்படும் என்று குறிக்கும் புள்ளி) நிற்கும். செக்பாயின்ட் கிடைத்தபின் பயனர்கள் கோப்பை மாற்றிக்கொண்டே இருக்கலாம். டேப்பில் போவது செக்பாயின்ட் நேரத்து நிலை. விலைக் கோப்பும் ஆர்டர் கோப்புகளும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பதால், அவை வெவ்வேறு லைப்ரரிகளில் இருந்தால் 'லிப்' என்பதைக் கொடுக்காதீர்கள், அது லைப்ரரிக்கு ஒரு செக்பாயின்ட் வைக்கும்.

இரண்டு இடங்களில் சிக்கல் வரும். லாக்குக்காகக் காத்திருக்கும் நேரம் இயல்பாக 120 விநாடி; அதற்குள் லாக் கிடைக்காத ஆப்ஜெக்ட் விடுபடும். கமிட்மென்ட் கன்ட்ரோலில் இருக்கும் ஜாப் ஏதேனும் பாதியில் தொங்கும் பரிவர்த்தனையோடு இருந்தால், அது கமிட் எல்லையை எட்டும் வரையும் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆர்டர் திரையைத் திறந்துவைத்து நடுவில் தூங்கிவிடும் ஒரே ஒரு ஜாப் போதும், முழுச் செக்பாயின்ட்டும் நின்றுபோகும். ஆகவே பேக்கப் தொடங்கும் நேரத்தில் கமிட் ஆகாத பரிவர்த்தனைகளை ஒரு முறை பார்த்துவிடுங்கள். செக்பாயின்ட் கிடைத்த செய்தியை ஒரு மெசேஜ் கியூவுக்கு அனுப்பச் சொல்ல முடியும். உங்கள் நிரல் அந்தச் செய்திக்காகக் காத்திருந்து, நேரத்தைப் பதிவு செய்யட்டும். மீட்டெடுக்கும்போது 'இந்தக் கோப்பு எந்த நேரத்தினுடையது' என்ற கேள்விக்கு அந்தப் பதிவுதான் விடை.

யாரும் குறிப்பிடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இணையப் பயன்பாடு ஐஎஃப்எஸ் (லைப்ரரிகளுக்கு வெளியே உள்ள, யுனிக்ஸ் போன்ற கோப்பு அமைப்பு) அடைவுகளிலும் கோப்புகளை வைத்திருக்கும். சேவ்-சேஞ்ச்டு-ஆப்ஜெக்ட் அவற்றைத் தொடவே தொடாது. அவற்றுக்குத் தனியாக சேவ் கட்டளை வேண்டும். பயனர் கணக்குகளுக்கும் அனுமதிகளுக்கும் சேவ் செக்யூரிட்டி டேட்டா தினமும் ஓடட்டும், அதற்கு ரெஸ்ட்ரிக்டட் ஸ்டேட் தேவையில்லை. டேப்பை என்க்ரிப்ட் செய்பவராக இருந்தால், அதற்கான சாவியை வைத்திருக்கும் சர்வரின் பேக்கப் அதே சாவியால் பூட்டிய டேப்பில் இருக்கக்கூடாது.

தினசரி நிர்வாகத்தில் பேக்கப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டியது வட்டுப் பயன்பாடு. ரிசீவர்களை இனி ஒரு வாரம் வைத்திருக்கப் போகிறீர்கள். ஆகவே வொர்க் சிஸ்டம் ஸ்டேட்டஸ் திரையில் சிஸ்டம் ஏஎஸ்பி (சிஸ்டத்தின் வட்டுத் தொகுப்பு) சதவீதத்தைக் காலையிலும் மாலையிலும் குறித்துக்கொள்ளுங்கள். இயல்பான எச்சரிக்கை வரம்பு 90 சதவீதம். யாராவது கோப்பு முழுவதையும் மாற்றும் நிரலை ஓட்டினால் ரிசீவர் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதை ஒரு முறை பார்த்தவர்கள் 75-க்கு மேல் நிம்மதியாக இருக்கமாட்டார்கள்.

இரவுப்பணி

நேற்று இரவு 'சிங்க்லிப்' முறையில் ஓடியது. செக்பாயின்ட் 11 மணி 4 நிமிடத்துக்குக் கிடைத்தது. முதல் முயற்சியில் கமிட் ஆகாத ஒரு பரிவர்த்தனை, மாலை ஆறு மணியிலிருந்து திறந்துகிடந்த ஒரு ஜாப்பில் இருந்தது. அதைப் பயன்படுத்தியவரை அழைத்து முடிக்கச் சொன்னேன். லைப்ரரியில் 66 சேமிக்கப்பட்டன, விடுபட்டது ஏதுமில்லை.

இன்று காலை டேப்பைச் சோதனைப் பார்ட்டிஷனில் போட்டு மூன்று கோப்புகளையும் இறக்கி, பதிவுகளின் எண்ணிக்கையைச் செக்பாயின்ட் நேரத்து எண்ணிக்கையோடு ஒப்பிட்டேன். மூன்றும் பொருந்தின. சேமிப்பு விவரத்தை அவுட்ஃபைலில் எழுதச் சொல்லி, முக்கியமான பன்னிரண்டு கோப்புகளின் பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று தேடி, ஒன்று குறைந்தாலும் எனக்குச் செய்தி அனுப்பும் சிறு நிரல் ஒன்றையும் பேக்கப்பின் கடைசிப் படியாகச் சேர்த்திருக்கிறேன்.

'டிலீட் ரிசீவர்' மாற்றம் மட்டும் இன்னும் நிலுவையில் உள்ளது. ஏஎஸ்பி இப்போது 81 சதவீதத்தில் இருக்கிறது; பழைய ஸ்பூல் கோப்புகளையும் (அச்சுக்கென வைத்திருக்கும் வெளியீடுகள்), யாரும் உரிமை கோராத சில சேவ் ஃபைல்களையும் நீக்க அனுமதி கேட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்று, நம் நிரலாளர் செவ்வாய்க்கிழமை பகலில் எடுத்த சேவ்லிப்.

பழைய ஆபரேட்டர்

அதை அழிக்காதீர்கள்! எந்தச் செவ்வாய், எத்தனை மணி என்று முதலில் பாருங்கள். அந்த வாரத்துச் செவ்வாய் பிற்பகல் 3 மணிக்குப் பிறகு எடுத்ததாக இருந்தால், தொலைந்துபோன நாற்பது விலைகளும் அதற்குள் இருக்கின்றன.

இரவுப்பணி

அதே செவ்வாய்தான். 3 மணி 40 நிமிடம். இப்போதே இறக்கிப் பார்க்கிறேன்.